இடுப்பை ஆட்டுவது முழங்கால்

பெல்லி நடனம் என்றால் எல்லாருடைய கண்ணும் வயிற்றுக்குத்தான் போகிறது. பெயர் செய்த வேலை அது; 'பெல்லி' என்றால் ஆங்கிலத்தில் வயிறு. அரபியில் இதற்கு 'ரக்ஸ் ஷர்கி' என்று பெயர்; கிழக்கத்திய நடனம் என்று பொருள். வயிற்றைப் பெயருக்குள் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி அந்தப் பெயரை அமெரிக்காவெங்கும் பரப்பியது. எகிப்திய வீடுகளில் பெண்கள் கல்யாணத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம், வேடிக்கை பார்க்க வந்தவர்களால் பெயர் மாறியது.

ஆனால் இந்த ஆட்டத்தில் வேலை தொடங்கும் இடம் முழங்கால். வேண்டுமானால் செருப்பைக் கழற்றிவிட்டு இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பாதங்களைச் சற்று அகற்றி வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், ஒரு முழங்காலை மடக்கி மறு முழங்காலை நிமிர்த்துங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். நிமிர்ந்த காலின் பக்கம் இடுப்பு உயரும். மடங்கிய பக்கம் தாழும். இடுப்பெலும்பு இரண்டு தொடையெலும்புகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு உத்தரம் போன்றது. ஒரு தூண் உயர்ந்து மறு தூண் தாழ்ந்தால் உத்தரம் சாய்ந்துதானே ஆக வேண்டும்? இதையே வேகமாகச் செய்தால் அதிர்வு. முன்பின் அசைவையும் சேர்த்துக்கொண்டால் வட்டம். வட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பின்னினால் எட்டு வடிவம்.

உத்தரம் சாயும்போது மேலே உள்ள மார்பும் சேர்ந்து சாய வேண்டும் அல்லவா? அது சாயாமல் நிற்பதில்தான் இந்த நடனத்தின் உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. இடுப்புக்கும் மார்புக்கும் இடையே இருக்கும் 5 முள்ளெலும்புகள் பக்கவாட்டில் வளைந்து கொடுத்துச் சாய்வை ஈடுகட்டுகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்த விலாவின் சாய்வுத் தசைகளும், முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் சிறு தசைகளும் ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் கரகாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கீழே கால் சுழன்றடிக்கும். தலைமேல் கரகம் நிலையாக நிற்கும். எகிப்தில் கல்யாண ஊர்வலத்தின்போது எரியும் மெழுகுவத்திகள் கொண்ட விளக்கைத் தலையில் ஏற்றி ஆடுவார்கள், 'ஷமதான்' என்பார்கள். இரண்டு ஆட்டங்களுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. தலையில் ஒன்றை வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்றால், முழங்காலை வில்லாக்கி இடுப்பில் அசைவை வாங்கிக்கொள்வதைத் தவிர உடலுக்கு வேறு வழி அதிகம் இல்லை.

இந்தச் சிறு தசைகள் ஏன் முக்கியம்? என் பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நாற்று நட்டவர். நடவு என்பது முழங்காலை அதிகம் மடக்காமல், முதுகை வளைத்து, சேற்றில் பின்னோக்கி நகரும் வேலை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரின் இடுப்புப் பகுதியில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுக்குள் அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் சுமார் 0.5 மெகாபாஸ்கல்; முன்னால் குனிந்தபோது 1.1. இரு மடங்குக்கும் மேல். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பருவமாக அந்த முதுகு ஒரே திசையில் மடங்கியிருக்கிறது. பெரியவர்களின் வட்டுகளுக்குள் ரத்தக்குழாய் ஏறக்குறைய கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் சாப்பாடு. அவருடைய மருமகளின் தையல் இயந்திரமும் வேறு விதத்தில் அதே கதைதான். குனிந்த முதுகு குனிந்தபடி. இருவரும் ஒரு நாளில் இடுப்பைப் பக்கவாட்டில் எத்தனை முறை அசைக்கிறார்கள் என்று எண்ணினால் விரல்கள் மிச்சமாகும்.

1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் ஒரு சுவையான சோதனை செய்தார்கள். கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். முதுகுவலி இல்லாதவர்களிடம், கைத்தசைக்கும் முன்னதாகவே வயிற்றின் ஆழத்தில் அரைஞாண் போலச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை இறுகியது. உடல் தன்னைத்தானே முன்கூட்டிக் கட்டிக்கொள்கிறது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இந்த இறுக்கம் தாமதமாக வந்தது. தாமதம்தான் வலியைத் தருகிறதா, வலி தாமதத்தைத் தருகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மெல்ல, கட்டுப்பாட்டோடு இடுப்பை வட்டமிடும்போது இந்தத் தசைக்கும், அதனோடு கைகோத்து இயங்கும், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கும் வேலை கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பின் தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வெளியில் சொல்லக் கூசும் பெண்களுக்குத் தளர்ந்திருப்பது இந்தத் தளம்தான். அதற்கு நடனம் மருந்தல்ல. அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படியொரு தசை இருப்பதையே நடனம் உணர்த்திவிடும்.

வயிற்றில் அலை ஓடுகிறதே, அது எப்படி? நடுவயிற்றின் நேர்த்தசை ஒரே துண்டு அல்ல. குறுக்கே தசைநார்கள் ஓடி அதை அறைகளாகப் பிரிக்கின்றன. மேலிருந்து கீழாக வெவ்வேறு நரம்புகள் அந்த அறைகளுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே மேல் அறை இறுகும்போது கீழ் அறை தளர்ந்திருக்க முடியும். பழகாதவர்களுக்கு முதல் வாரம் ஒன்றுமே நடக்காது, கோபம்தான் வரும்.

தொப்பை கரையுமா என்று கேட்பார்கள். கரையாது, குறைந்தபட்சம் அந்த இடத்தில் மட்டும் கரையாது. எந்தத் தசை உழைக்கிறதோ அதன்மேல் இருக்கும் கொழுப்பைத்தான் உடல் எடுத்துச் செலவழிக்கும் என்று ஒரு நியதியும் இல்லை. உடல் உழைப்பை அளக்கும் பட்டியலில், இந்த நடனத்துக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல 4.5 மடங்கு என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு மணி நேரம் ஆடினால் சுமார் 270 கலோரி. ஏறத்தாழ ஐந்து இட்லி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி வீதம் ஐந்து நாள் ஆடினால் கணக்கு நேராகிவிடும். எலும்புக்கு மட்டும் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். பாதம் தரையை விட்டு எழாத ஆட்டத்தில் எலும்பைத் தட்டி உறுதியாக்கும் அதிர்ச்சி குறைவு. முட்டி தேய்ந்தவர்களுக்கு அதுவே ஒரு சௌகரியம்.

கர்ப்பிணிகளும், அண்மையில் சிசேரியன் ஆனவர்களும், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும், முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்குபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் முழங்காலை முழுவதும் நிமிர்த்திப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூட்டினால் அசைவெல்லாம் கீழ்முதுகில் போய் விழும்.

இந்த நடனத்தில் இடுப்பில் கட்டும் நாணயப் பட்டையை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே சீராக ஒலிக்கின்றனவா என்று காது சொல்லிவிடுகிறது; கண்ணாடி தேவையில்லை. கரகாட்டக்காரரின் காலில் இருக்கும் சலங்கைக்கும் அதே வேலைதான். போன பொங்கலுக்குப் பெரியம்மாவிடம் முழங்கால் சோதனையைச் செய்து காட்டினேன். 'இதென்னடா கூத்து' என்று சிரித்துவிட்டு, அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவரும் செய்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து வலப்பக்கம் மட்டும் சத்தமாகக் குலுங்கியது. 'அந்தப் பக்கம்தான் எனக்கு வலி' என்றார்.