செயல்தவிர்: யாருடைய செயல்?

கொழிஞ்சாம்பாறையில் கல்லூரியில் படிக்கும் அக்காள் மகள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "மாமா, ஃபைலைத் திறந்ததும் கைப்பழக்கத்தில் கண்ட்ரோல் இசட் அழுத்திட்டேன். எழுதி வச்ச புரோகிராம் கோட் முழுக்கக் காணோம்!" சேவ் பண்ணாமல் மூடச் சொன்னேன். கோப்பு வட்டில் பத்திரமாக இருந்தது.

கண்ட்ரோல் இசட் என்பது கடைசியாகச் செய்த திருத்தத்தை நீக்கும் அன்டூ கட்டளை. அன்டூ என்பது பழைய ஆங்கிலத்தில் கட்டை அவிழ்ப்பதையும் கதவைத் திறப்பதையும்கூடக் குறித்த சொல். அவள் கணினியின் மெனு மலையாளத்தில் இருப்பதால் அங்கே அது 'பழயபடியாக்குக'. தமிழக-கேரள எல்லையில் வாழும் எங்களுக்கு இதற்கு அகராதி வேண்டாம்: பழையபடி ஆக்கு. அழகான சொல்தான். ஆனால் எந்தப் பழையபடி? சில எடிட்டர்கள், அதாவது கோட் எழுதும் மென்பொருள்கள், முதலில் வெற்றுப் பக்கத்தை உருவாக்கி, அப்புறம் கோப்பில் உள்ளதை அதில் கொட்டுகின்றன. அதையும் ஒரு திருத்தமாகக் குறித்துக்கொண்டால், பழையபடி என்பது வெற்றுப் பக்கமே. கோட்மிரர் 5 என்ற எடிட்டரில் செட்வேல்யூ என்ற கட்டளை வழியாக உரையை ஏற்றினால் இப்படித்தான் ஆகும். ஏற்றிய கையோடு கிளியர்ஹிஸ்டரி என்ற கட்டளையை அழைத்து அந்தப் பதிவைத் துடைக்க வேண்டும்.

தமிழில் இதற்குச் 'செயல்தவிர்' என்கிறோம். நடந்து முடிந்ததை எப்படித் தவிர்ப்பது என்று சிலர் கேட்பார்கள். இன்றைய பேச்சுவழக்கை வைத்துப் பார்த்தால் கேள்வி சரிதான். ஆனால் இருந்ததை நீக்குவதும் தவிர்த்தல்தான். 1070இல் பட்டத்துக்கு வந்த முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர்; அதுவரை வாங்கிவந்த சுங்கத்தை நீக்கியதால் வந்தது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பட்டம் ஒருநாளும் வெறும் புகழ்ச்சியாகப் பட்டதில்லை.

செயல்தவிர் என்பதையே நான் விரும்புவதற்குக் காரணம் அதன் முதல் பாதி. தவிர்க்க வேண்டியது எழுதுகிறவரின் செயலை. கோப்பை ஏற்றுவது எடிட்டரின் வேலை. அது திருத்தங்களின் அடுக்கில் சேரவே கூடாது. 2010இல் வந்த விம் 7.3 என்ற எடிட்டரில், திருத்தங்களைத் தனிக் கோப்பில் சேமிக்கும் அன்டூஃபைல் வசதியை இயக்கி வைத்தால், கோப்பை மூடித் திறந்த பிறகும் நேற்றைய திருத்தங்களைத் தவிர்க்க முடியும். முதல் தடவை திடுக்கிட வைக்கும். ஆனாலும் அவை நாமே செய்த திருத்தங்கள், சொல்லுக்குப் பொருந்தும்.

தவிர்த்ததைத் திரும்பக் கொண்டுவரும் ரீடூவுக்கு 'மீண்டும் செய்' போதும். அன்றைக்கு அவள் அதை அழுத்தியிருந்தாலும் கோட் திரும்பி வந்திருக்கும்.