திறந்தவெளிச் சுரங்கம்: சொல் விளக்கம்

நிலத்துக்கடியில் வழி குடையாமல், நிலக்கரி அடுக்கின் மேலுள்ள மண்ணையும் பாறையையும் முழுவதுமாக அகற்றிக் கரியை வெட்டியெடுக்கும் இடம் திறந்தவெளிச் சுரங்கம் எனப்படுகிறது. பிரித்தானிய வழக்கில் இது ஓபன்காஸ்ட். அமெரிக்காவில் சர்ஃபேஸ் மைன்.

'சுரங்கம்' என்பது வடமொழிச் 'சுருங்கா'விலிருந்து வந்த சொல். அர்த்தசாஸ்திரத்தில் அது நிலத்தடி வழியைக் குறிக்கிறது. குழல், குழாய் வழி என்று பொருள்படும் 'சிரிங்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதற்கும் மூலம் என்பது மொழியியலார் பலரின் கருத்து. மூடிய வழியைக் குறிக்கப் பிறந்த இச்சொல்லுக்குத் 'திறந்தவெளி' என்று அடைகொடுப்பது, கூரையில்லாக் குகை என்பது போல முரணாகவே இருக்கிறது.

'திறந்த குழி' என்று எழுதுவோரும் உண்டு. செம்பு போன்ற தாது, செங்குத்தாக இறங்கும் திரளாக இருக்குமிடத்தில் அகழ்விடம் ஒரே இடத்தில் ஆழமாகிக்கொண்டே போவதால், அங்கே அது பொருந்தும். நிலக்கரி பெரும்பாலும் கிடையாகப் பரந்து கிடக்கிறது. எனவே துளையிட்டு அடுக்கின் ஆழமும் தடிப்பும் அளந்து, நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தி, முதல் வெட்டைத் திறந்தபின், வெட்டு முகம் பக்கவாட்டில் நகர, கரி எடுத்து முடிந்த பகுதியைப் பின்னாலேயே மண்ணால் நிரப்பிக்கொண்டு வருவார்கள். முதல் வெட்டின் மண்ணுக்கு மட்டும் உள்ளே இடமிராது. வெளியேதான் குவித்தாக வேண்டும். ஜெர்மனியின் ஹம்பாக்கில் 1978இல் மண் அகற்றத் தொடங்கியும் 1984இல்தான் முதல் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அங்கே குவித்த மண்ணே சோஃபியன்ஹோஹே என்னும் குன்றாயிற்று.

இப்படி நகரும் பணியிடத்துக்கு, சங்கப் பாடல்கள் முதல் வழங்கிவரும் 'அகழ்' என்னும் வினையிலிருந்து 'திறந்தவெளி அகழ்வு' என்று அமைப்பதே என் தேர்வு. (அகழி என்றால் கோட்டைதான் நினைவுக்கு வரும்.) கரியின் மேலிருந்து அகற்றப்படும் மண், பாறைப் படிவத்துக்கு 'மேற்சுமை' என்பது 'ஓவர்பர்டன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பே, ஆயினும், பயிர் வளரும் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துப் பின்னர் பரப்ப வேண்டியிருப்பதால், அதனோடு குழம்பாத இச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். அலுவல் ஆவணங்களில் 'திறந்தவெளிச் சுரங்கம்' வேரூன்றிவிட்டதால் அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. பாடநூல்களிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் அகழ்வு முகம் (வெட்டு நடக்கும் பக்கம்), அகழ்வுப் படிகள் (படிபடியாக வெட்டிய தளங்கள்) என்று எழுதத் தடையேதுமில்லை.