அமுக்கி விட்டால் எத்தனை ஆட்டம்?

மீன் ஏற்றும் மினி வண்டியில் ஷாக் அப்சார்பர் சீக்கிரமே எண்ணெய் கக்கிவிடுகிறது. மெக்கானிக்கோ பம்பரை அமுக்கிப் பார்த்தே "போச்சு" என்கிறார், அது எப்படி என்று ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அமுக்கி விட்டதும் வண்டி தானாக ஆடுவது கட்டற்ற அதிர்வு. ஆட்டத்தின் வேகத்தை ஸ்பிரிங்கின் விறைப்பும் வண்டியின் நிறையும் முடிவு செய்யும். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கி ஓடியாக வேண்டும். அந்தத் தடை ஏறத்தாழ பிஸ்டனின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் எழுகிறது. இதுதான் பாகுநிலைத் தணிப்பு.

இதன் அழகே இங்குதான். ஆட்டம் பெரிதானால் வேகமும் தடையும் பெரிது. சிறிதானால் இரண்டும் சிறிது. அதனால் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து ஆட்டம் எட்டும் தூரம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, ஸ்பிரிங் விறைப்பு மீட்டருக்கு 16,000 நியூட்டன் என்று வைப்போம். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.8 விநாடி. ஆட்டமே இல்லாமல் அடங்கத் தேவையான மாறுநிலைத் தணிப்பில் 30 சதவீதம் இருந்தால், 10 செ.மீ. வீச்சு ஒரே சுற்றில் 1.4 ஆகிவிடும். ஸ்பிரிங்கில் தேங்கிய 80 ஜூலில் 98 சதவீதம் அதற்குள் எண்ணெயில் வெப்பமாகிவிட்டது! எண்ணெய் ஒழுகித் தணிப்பு 5 சதவீதமானால் 10, 7.3, 5.3, 3.9 என்று இழுத்துக்கொண்டே போகும். மெக்கானிக்கின் கை இந்த விகிதத்தைத்தான் படிக்கிறது.

துருவேறிய பட்டை ஸ்பிரிங்கின் உராய்வு வேறு ரகம். அதன் தடை வேகத்தைப் பார்ப்பதில்லை. வீச்சு 10, 8, 6, 4 என்று சம அளவில் குறையும். நடுநிலைக்கு வராமலே வண்டி சிக்கி நின்றுவிடவும் கூடும்.

எண்ணெய் ஏன் ஒழுகுகிறது? மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் பிஸ்டன் தண்டின் குரோமியப் பூச்சை அரிக்கின்றன. மேடு பள்ளமான தண்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆயில் சீலைக் கிழிக்கிறது. எண்ணெய் குறைந்த இடத்தில் காற்று கலந்து நுரைக்கும். நுரைக்கு அந்தத் தடை கிடையாது. லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் தண்டைக் கழுவுங்கள். எலுமிச்சை கட்டுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் கட்டக் குனியும் நேரத்தில் தண்டைத் தடவிப் பார்ப்பதுதான் உயிரைக் காக்கும் என்பேன்.

சோதனையை லோடோடு செய்யுங்கள். நிறை இரட்டித்தால் 30 சதவீதத் தணிப்பு 21 ஆகிவிடும். செல்போனை டேஷ்போர்டில் ஒட்டி, முடுக்கத்தைப் பதியும் செயலியில் அடுத்தடுத்த இரு உச்சங்களை ஒப்பிட்டாலும் அதே விகிதம் கிடைக்கும். சுற்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பர் கெட்டால் அது 0.82-லிருந்து 0.79 விநாடிக்குத்தான் நகரும். அதே லோடில் நேரம் நன்றாக நீண்டிருந்தால் பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.