கணக்கு ரத்தத்தில் வருமா?

"கணக்கு அவுங்க ரத்தத்துலயே இருக்கு" என்று நகரத்தாரை (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை)ப் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கம் சாதாரணமாகச் சொல்வார்கள். பர்மா, இலங்கை, மலேயா வரை போய் வட்டிக்கடை நடத்தியவர்கள் அல்லவா! மரபணுவியல் இந்தப் பேச்சை அப்படியே ஏற்பதில்லை, முழுக்கத் தள்ளுவதுமில்லை.

அறிவுத்திறனில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மதிப்பெண்கள், தனித்தனிக் கருவில் உருவான இரட்டையருடையதைவிட நெருங்கி வருகின்றன. ஆனால் கணக்குக்கென்று தனி மரபணு ஏதும் கிடையாது. ஆயிரக்கணக்கான மாறுபாடுகள், ஒவ்வொன்றின் பங்கும் இம்மியளவு.

என்னை அசரவைப்பது வேறொன்று. அறிவுத்திறனில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு வயதாக ஆகக் கூடுகிறது: கைக்குழந்தைகளிடம் சுமார் 20 சதவீதம், பெரியவர்களிடம் சுமார் 60. எண்ணில் கொஞ்சம் நாட்டமுள்ள பிள்ளை கணக்கைத் தேடிப் போகும். வாத்தியாரும் அதற்கே இன்னும் கடினமானதைக் கொடுப்பார். மரபணு தன் வேலையைச் சூழலின் வழியாகவும் நடத்திக்கொள்கிறது. சூழல் வறண்டிருந்தால் அந்த வழி அடைபடும். அமெரிக்காவில் உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பக் குழந்தைகளிடம் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம்.

நகரத்தார் வீட்டுப் பையனுக்குச் சூழல் வறளவே இல்லை. முந்திரி (1/320), காணி (1/80), மாகாணி (1/16) என்று கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னங்கள், மனப்பாடம். பிறகு பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்து, பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டியிருந்தது. அவனுடைய அக்கா தங்கைக்கும் அதே அப்பா, அதே அம்மா. ஆச்சிமார் (நகரத்தார் வீட்டுப் பெண்கள்) குடும்பக் கணக்கில் கெட்டி. ஆனால் ரங்கூன் கடைக்கு அவர்களைப் பழக்கி அனுப்பவில்லை, அந்தத் தொழில் நுணுக்கம் ஆண்களிடமே நின்றது. ரத்தம் மட்டுமே காரணமென்றால் இப்படி நடந்திருக்காது.

20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறியது. அவ்வளவு வேகமாக மரபணு மாறாது. சத்துணவும் பள்ளிக்கூடமும் மாறின. கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் 1 முதல் 5 புள்ளி வரை தருகிறது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். அடுத்த ஆண்டே, அவர் கொடுத்த நிலத்தில், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். வட்டிக்கடைப் பக்கமே போயிராத வீடுகளின் பிள்ளைகளுக்கும் உயர்கணிதம் சொந்த ஊரிலேயே கிடைக்கத் தொடங்கியது.