உங்கள் ஜிபி நிலையத்தில் எதைச் சோதிக்கிறார்கள்?

லண்டன் புறநகர் ஒன்றில் ஜிபியாக, அதாவது குடும்ப வைத்தியராக இருக்கிறேன். சில வாரங்களுக்கு முன், எங்கள் நிலையத்தில் நெடுங்காலமாகப் பதிந்திருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கோபத்தோடு அறைக்குள் வந்தார். மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர். "தம்பி, ரத்தம் குடுத்தாத்தான் குளிசை தருவினமாம் எண்டு முன்னுக்கு இருக்கிற பிள்ளை சொல்லுறா. பதினைஞ்சு வருசமா எடுக்கிற குளிசைதானே, இப்ப மட்டும் என்ன புதுச் சட்டம்?" என்று கேட்டார். அது புதுச் சட்டமன்று. ஆனால் அதை இவ்வளவு இறுக்கமாகக் கடைப்பிடிப்பதற்கு, ஜிபி நிலையங்களில் நடக்கும் தரப் பரிசோதனையும் ஒரு காரணம். அந்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்தில் இந்தப் பொறுப்பு சி.கியூ.சி. எனப்படும் கேர் குவாலிட்டி கமிஷனிடம் இருக்கிறது. 2009 ஏப்ரலில் செயற்படத் தொடங்கிய அந்த ஆணையத்தில் ஜிபி நிலையங்கள் 2013 ஏப்ரல் முதல் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. 2014 ஒக்டோபர் முதல் அவற்றுக்குத் தரமதிப்பீடும் வழங்கப்படுகிறது. நிலையம் பாதுகாப்பானதா, சிகிச்சை பயன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறார்களா, நிர்வாகம் சீராக இருக்கிறதா என்ற ஐந்து கேள்விகளை வைத்து, 'மிகச் சிறப்பு', 'நன்று', 'மேம்பாடு தேவை', 'போதாது' என்ற நான்கில் ஒன்றைத் தருவார்கள். அந்த முடிவை நிலையத்திலும் இணையத்தளத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைப்பது 2015 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம்.

பரிசோதனை நாளில் வைத்தியரின் கெட்டித்தனத்தை அளக்கப்போகிறார்கள் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். வந்தவர் நேரே தடுப்பூசிக் குளிர்பெட்டியிடம் போனார். தடுப்பூசிகள் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த நேரத்து வெப்பநிலையோடு, கடைசியாகப் பார்த்ததிலிருந்து எட்டிய மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் ஒவ்வொரு வேலைநாளும் குறித்து, பிறகு வெப்பமானியை மீளமைக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபட்டிருக்கவில்லை. ஆனால் இரண்டு கிழமைகளாகக் கூடிய அளவு ஒரே எண்ணாக, 9.4 என்றே எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒருநாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். அதன்பின் எவரும் மீளமைக்கும் பொத்தானை அழுத்தவில்லை. அந்த எண்ணைப் பார்த்தவர்களும் அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதப்பட்டது, வாசிக்கப்படவில்லை. வெப்பநிலை எவ்வளவு நேரம் மீறியது என்று தெரியாமல், அந்தப் பெட்டியிலிருந்த ஊசிகள் அனைத்தையும் ஒதுக்கிவைத்து, உற்பத்தியாளர்களிடம் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியதாயிற்று. குழந்தைக்கு ஊசி போட வந்து திரும்பிப்போன தாய்மாரிடம் காரணம் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

அவசரப் பெட்டியில் அட்ரினலின் காலாவதியாகாமல் இருக்கிறதா, மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் உடனே போடவேண்டிய பென்சிலின் இருக்கிறதா, ஒக்சிஜன் உருளை நிரம்பியிருக்கிறதா, ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததா என்பவற்றையும் பார்த்தார்கள். இவை ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலைகள்.

உண்மையான சோதனை கணினியில் நடக்கிறது. பரிசோதனைக் குழுவோடு ஆலோசகராக வரும் ஜிபி ஒருவர், நோயாளர் பதிவுகளில் முன்கூட்டியே வகுத்த தேடல்களை ஓட்டுவார். மெத்தோட்ரெக்சேட் எலும்பு மச்சையையும் ஈரலையும் தாக்கக்கூடியது. மருந்தளவு நிலைப்பட்டவர்களுக்கும் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனை தேவை. அப்படிப் பரிசோதிக்காமல் மருந்து போய்க்கொண்டிருக்கிறதா என்று ஒரு தேடல். மனநோய்க்கு லிதியம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு வருடத்தில் பன்னிரண்டோ அதற்கு மேலோ, மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலர் வாங்கிய ஆஸ்துமா நோயாளரை எவராவது கூப்பிட்டுப் பேசினார்களா? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவருக்கு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறதா? சில மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 48ஐ எட்டியும் நீரிழிவு என்று பதியப்படாமல், கண் பரிசோதனைக்கும் கால் பரிசோதனைக்கும் அழைக்கப்படாமல் விடுபட்டவர்கள் உண்டா? நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்துக்கு இந்தக் கடைசித் தேடல் மிக நெருக்கமானது.

நான் முன்பு வேலை செய்த நிலையமொன்றில் இந்தத் தேடல் ஒன்பது மெத்தோட்ரெக்சேட் நோயாளரை வெளியே கொண்டுவந்தது. எட்டுப் பேருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்திருந்தார்கள். முடிவு அங்குள்ள கணினியில் கிடந்தது, மருந்தை எழுதிய எங்களில் எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒன்பதாமவருக்கு எங்குமே பார்க்கப்படவில்லை. ஆஸ்பத்திரி பார்க்கும் என்று நாங்களும், ஜிபி பார்ப்பார் என்று அவர்களும், இருவரும் பார்க்கிறார்கள் என்று அந்த மனிதரும் நம்பியிருந்தோம். நல்லவேளை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்த வைத்தியர்கள் நோயாளர் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அன்பானவர்கள். காத்திருப்பு அறையில் அவர்களைக் குறை சொல்ல ஆளில்லை. நிலையத்துக்குக் கிடைத்தது 'மேம்பாடு தேவை'. அது சரியான தீர்ப்பென்றே இன்றும் நினைக்கிறேன்.

அன்பான வைத்தியர் என்ற பெயர் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இந்த நாடு மிகக் கொடிய வழியில் அறிந்திருக்கிறது. மான்செஸ்டருக்கு அருகில் ஹைட் நகரில் தனியாக நிலையம் நடத்திய ஹரோல்ட் ஷிப்மன், தம் நோயாளரால் பெரிதும் மதிக்கப்பட்டவர். பதினைந்து நோயாளரைக் கொன்ற குற்றத்துக்காக 2000 ஜனவரியில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரால் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று நீதிபதி ஜனெட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002இல் கண்டது. அவர் ஒரு கொலைகாரர். கவனக்குறைவான நிலையங்களை அவரோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் அவர் எழுதிய டயமோர்பின் என்ற கடும் வலிநிவாரணியின் கணக்கை வெளியிலிருந்து எவரும் கூட்டிப் பார்க்காததால்தான் அது அத்தனை காலம் நீண்டது.

இதனால் சி.கியூ.சி. சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ள வேண்டாம். 2024இல் டொக்டர் பென்னி டாஷ் நடத்திய மீளாய்வு அந்த ஆணையத்திலேயே பெரும் குறைகளைக் கண்டது; பரிசோதனைகள் குறைந்து, பல இடங்களின் மதிப்பீடு ஆண்டுக்கணக்கில் பழையதாகிப்போயிருந்தது. ஆகவே வாசலில் 'நன்று' என்று கண்டால் முதலில் திகதியைப் பாருங்கள். ஆறு வருடத்துக்கு முந்திய 'நன்று', அன்றிருந்த வைத்தியர்களையும் தாதியரையும் பற்றியது. பிறகு அறிக்கையைத் திறந்து 'பாதுகாப்பு' என்ற பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். தொலைபேசி எடுக்கத் தாமதம் என்பதற்காக மதிப்பெண் குறைந்த நிலையத்துக்கும், மருந்துக் கண்காணிப்பு இல்லை என்று குறைந்த நிலையத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து.

உங்கள் அனுபவத்தையும் அந்த ஆணையத்துக்கு இணையம் வழியாக எழுதலாம். அது தனிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்காது. முறைப்பாட்டை நிலையத்திடமோ அப்பகுதியின் ஐ.சி.பி. எனப்படும் சுகாதாரச் சபையிடமோதான் கொடுக்க வேண்டும். ஆனால் பலர் எழுதும் ஒரே குறை, அடுத்து எந்த நிலையத்துக்குப் பரிசோதனைக்குப் போவது என்று ஆணையம் தீர்மானிக்க உதவும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கவும் தயங்காதீர்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு பாட்டியின் கருப்பை நோயைப் பேசவைப்பது பாட்டிக்கும் பிள்ளைக்கும் நல்லதன்று.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. இந்தக் குளிசை சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைக்கும், அது உடம்புக்கு வெளியே தெரியாது, தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ வரும்போது சில சமயம் பிந்திப்போயிருக்கும் என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், "இதை அந்தப் பிள்ளை முதலே சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை பிடிக்கிறன்?" என்றார். நியாயமான கேள்வி. 'இரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் மருந்து வழங்கப்படாது' என்று எங்கள் நிலையம் அனுப்பிவந்த குறுஞ்செய்தியில் ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. இப்போது அதில் காரணம் ஒரு வரியில் இருக்கிறது. தமிழ் வாசிப்பவர்களுக்குத் தமிழிலும் போகிறது.