ஸ்பெல்லிங்: எழுத்துக்கூட்டலும் எழுத்துத் திருத்தமும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் 'ஸ்பெல்லிங்' என்ற சொல்லை இப்போது இரண்டு வேலைக்கும் வைத்திருக்கிறோம். ஆங்கிலப் பாடம் படிக்கிற பிள்ளையிடம் "ஸ்பெல்லிங் சொல்லு" என்று கேட்கிறோம். அதே பிள்ளை தமிழ்க் கொப்பியில் 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பல்லிக்கூடம்' என்று எழுதிவிட்டால், அதற்கும் "ஸ்பெல்லிங் பிழை" என்கிறோம். முதலாவது, சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சேர்ப்பது. இரண்டாவது, ஒரே மாதிரிக் காதில் விழும் எழுத்துகளில் எது அந்தச் சொல்லுக்கு உரியது என்று அறிந்து எழுதுவது. தமிழில் முன்னதை எழுத்துக்கூட்டல் என்றும் பின்னதை எழுத்துத் திருத்தம் என்றும் பிரித்துச் சொல்லலாம். பிரித்துத்தான் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலச் சொல்லின் கதையைப் பார்த்தால், அதுவும் எழுதுவதில் தொடங்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பெல்' என்றால் பேச்சு, கதை. கிறிஸ்தவர்கள் நற்செய்தி என்று சொல்லும் 'கொஸ்பெல்', 'நல்ல' என்ற சொல்லும் இந்த 'ஸ்பெல்'லும் சேர்ந்து உண்டானது. மந்திரத்தைக் குறிக்கும் 'ஸ்பெல்'லும் அதே குடும்பந்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும் வினைச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் அடியிலும் எடுத்துச் சொல்லுதல் என்ற ஜெர்மானிய வேர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது முதலில் குறித்தது, எழுத்தெழுத்தாகத் தட்டுத்தடுமாறி வாசிப்பதை. சொல்லுக்குரிய எழுத்துகளை ஒழுங்காக வைத்து எழுதுவது என்ற பொருள் பிறகு ஏறியது.

"எழுத்துக்கூட்டி வாசி பாப்பம்" என்று எங்கள் அம்மம்மாமார் சொல்வதும் அந்தப் பழைய பொருளைத்தான். கூடு என்றால் சேர். கூட்டு என்றால் சேரவை. வாசி என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். இங்கே படிப்பது வேறு, வாசிப்பது வேறு: படிப்பது பாடம் கற்பது, வாசிப்பது எழுத்தைப் பார்த்துச் சொல்வது. "பிள்ளை நல்லாப் படிக்கும், வாசிக்கத்தான் பிந்திப்போச்சு" என்று ஒரு தாய் சொன்னால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் குழப்பம் வராது.

தமிழில் எழுத்துக்கூட்டல் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். 'கொடி' என்ற சொல்லைப் பிள்ளை பார்க்கிறது. கொம்பு (ெ), கானா (க), அரவு (ா): கொ. டானா (ட), விசிறி (ி): டி. கொடி. இதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகக் கண் போக, ஒலி ஒரு தரம் திரும்பி வரவேண்டும். பெரியவர்களுக்கு இது தெரிவதே இல்லை. புதிதாக வாசிக்கிற பிள்ளை கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசைகளில் தடக்குப்படுவது இதனாற்றான். 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216ம் இவற்றின் சேர்க்கை. ஆனால் இந்தக் கொம்பு வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் நாள் கொடுக்கவேண்டும்.

ஒருமுறை கூட்டப் பழகிவிட்டால், கேள்விப்படாத சொல்லையும் பிள்ளை வாசித்துவிடும். முந்தி இப்படி இருக்கவில்லை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி குத்தமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். அரவும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. சொல் ஏற்கனவே தெரிந்தவர்தான் சரியாக வாசிக்க முடிந்தது. எ, ஏ வேறுபாட்டை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் திருத்தினார். அச்சு வந்தபின் புள்ளி நிலைத்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை எளிய உரைநடையில் அச்சிட்டார். குறியீடுகள் இட்டு எழுதும் வழக்கத்தையும் பரப்பினார். யாழ்ப்பாணத்தில் முதல் வகுப்பை 'அரிவரி' என்று சொல்லும் வழக்கத்தில், ஏட்டின் தலையில் அரியை, அதாவது திருமாலை, வணங்கித் தொடங்கிய அந்தச் சுவடிக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலம் போன வழி வேறு. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காலத்தில் அந்த மொழியின் உயிரொலிகள் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து பழைய ஒலியோடு உறைந்துபோக, வாய் முன்னே போய்விட்டது. அதனால் ஓ, யூ, ஜி, எச் என்ற நாலு எழுத்தும் ஒரு சொல்லில் 'ஊ', இன்னொன்றில் 'ஓ', வேறொன்றில் 'அஃப்' என்று ஒலிக்கின்றன. கூட்டி வாசிப்பது பாதிவழிதான் கொண்டுபோய் விடும். மீதியை நினைவில் வைக்கவேண்டும்.

ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் சேமோரும் மற்றவர்களும் 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. முதலாம் வகுப்பு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் நூற்றுக்கு 98ஐச் சரியாக வாசித்தார்கள். ஸ்கொட்லாந்தில் ஆங்கிலம் வாசிக்கப் பழகிய பிள்ளைகள் 34. இரண்டாம் வகுப்பு முடிவில்கூட 76. ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் மக்கு என்று எவரும் சொல்லமாட்டார்கள். பழுது அந்த எழுத்துமுறையில் இருக்கிறது. இங்கே முன்பள்ளிப் பிள்ளை ஆங்கிலம் வாசிக்கவில்லை என்று மனம் உடைந்துபோகிற பெற்றோருக்கு 34, 76 என்ற இந்த இரண்டு எண்களையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தமிழுக்கு வாசிப்பு எளிது. எழுத்துத் திருத்தம் அவ்வளவு எளிதல்ல. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்றுதான் பிள்ளை நாள்முழுக்கக் கேட்கிறது. சொல்வதெழுதலில் அதைச் சரியாக எழுத, காது உதவாது. கண் பார்த்துப் பழகியிருக்கவேண்டும். நகரமும் னகரமும் ஒலியில் ஒன்று. ஆனால் அங்கே விதி இருக்கிறது. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. விதி இருக்கிற இடத்தில் விதியைச் சொல்லிக்கொடுக்கலாம். ல, ள, ழ சொல்லுக்குச் சொல் வாசித்துப் பழகவேண்டியவை. ஒரு பிழையைப் பத்துத் தரம் எழுதச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை நாங்கள் பார்ப்பதில்லை. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும்போதும் பிள்ளை இதையே சந்திக்கிறது. சிங்களத்தில் இரண்டு நகரமும் இரண்டு லகரமும் எழுத்தில் வேறு, வாயில் ஒன்று. சிங்களப் பிள்ளைகளும் அவற்றை நினைவில் வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

காது எழுத்தை ஆளுகிற இடமும் உண்டு. நாங்கள் 'ரீச்சர்', 'ரிக்கற்', 'ரொறன்ரோ' என்று எழுதுகிறோம்; தமிழகத்தில் 'டீச்சர்', 'டிக்கெட்', 'டொராண்டோ'. 'காற்று', 'வெற்றி' போன்ற சொற்களில் றகர இரட்டையை நாநுனியை மேற்பல்லின் பின்புறத்து மேட்டில் ஒற்றிச் சொல்வது யாழ்ப்பாண வழக்கு. ஆங்கிலத்தின் 'ரீ' (T) என்ற எழுத்தின் ஒலி எங்கள் காதுக்கு அந்த இடத்திலேயே விழுகிறது. சொல்லுக்கு முதலில் றகரம் வராது என்பது இலக்கணம். ஆகவே ரகரம் அங்கே நின்றது. இங்குள்ள பிள்ளை 'ரீச்சர்' என்பதைத் தயங்காமல் சரியாக வாசிக்கும். தமிழகத்துப் பிள்ளை ஒரு கணம் விழிக்கும். இரண்டில் எதையும் பிழை என்று வெட்டுவதற்கு நியாயம் இல்லை.

ஆக, சொற்களுக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் எழுத்தெழுத்தாகச் சொல்வதற்கு ஒரு சொல். பிழையற எழுதுவதற்கு 'சரியெழுத்து' என்ற பொருளில் வேறொரு சொல். பிரெஞ்சிலும் அப்படியே இரண்டு. ஆங்கிலந்தான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. நாம் அதை அப்படியே எடுத்தால் குழப்பத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். 'எழுத்துக்கூட்டல்' ஏற்கனவே வழக்கில் உள்ள சொல். 'எழுத்துத் திருத்தம்' என்பதும் "திருத்தமாய் எழுது" என்று சொல்லிப் பழகியவர்களுக்குப் புதிதல்ல. உறுப்பெழுத்தோடு இதைக் கலக்கக்கூடாது. அது எழுத்தின் அழகு பற்றியது.

பிரித்துப் பேசினால் பிள்ளையின் சிக்கல் எங்கே என்றும் தெரியவரும். ஜெர்மன், இத்தாலியம் போன்ற, எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகிற மொழிகளில், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக. தமிழிலும் அதைத்தான் தேடிப் பார்க்கவேண்டும். ழகரத்தை மாற்றி எழுதிவிட்டுச் சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் கதைப் புத்தகம். நாலாம் ஆண்டிலும் ஒவ்வொரு சொல்லையும் கொம்பு, கானா, அரவு என்று கூட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளையென்றால், ஒரு பிழையும் விடாவிட்டாலும், அதன் ஆசிரியரோடு பெற்றோர் உடனே கதைக்கவேண்டும்.