டிராஃப்டுக்கு ‘வரைவு’ எதற்கு?

2025 நவம்பர் 4-ஆம் தேதி நியூயார்க் ஜெட்ஸ் அணி, பின்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கும் தன்னுடைய கார்னர்பேக் சாஸ் கார்ட்னரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்தில் அது பெரிய செய்தி. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் ஜெட்ஸ் பைத்தியம். அன்று ராத்திரி முழுக்க எங்கள் குடும்பக் குழுவில் புலம்பித் தீர்த்தான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியட்டுமே என்று எவரோ ஒரு தமிழ்ச் செய்தியைத் தேடிப் போட்டார்கள். ‘ஜெட்ஸ் அணி மூலைமுதுகு வீரர் கார்ட்னரை இரண்டு முதல் சுற்று வரைவுகளுக்கு விற்றது’ என்று இருந்தது.

சித்தப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, ரெண்டு டி.டி. குடுத்தாங்க, சரி. எவ்வளவுக்கு எடுத்தாங்கன்னு போடலையே?”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வங்கியில் டிராஃப்ட் என்றால் வரைவோலை. அரசு அலுவலகத்தில் வரைவு அறிக்கை, வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல். நாற்பது வருடமாக அவர் பார்த்த வரைவுகள் எல்லாமே காகிதங்கள். ஆளைக் கொடுத்து வரைவை வாங்கினால் அது காசோலைக்கு உறவுக்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தது இயல்பு. செய்தி சொன்னதோ, அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் டிராஃப்டை. நான் இந்த ‘வரைவை’ முதல் தடவையாகப் பார்க்கவில்லை. அந்த டிராஃப்ட் நடக்கும் ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறேன். இந்தத் தடவை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிராஃப்ட் என்பது ‘இழு’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. பேனாவை இழுத்தால் கோடு, அதிலிருந்து முன்வரைவு. கணக்கிலிருந்து பணத்தை இழுத்தால் வங்கி வரைவோலை. பீப்பாயிலிருந்து இழுத்தால் டிராஃப்ட் பீர். பெரிய கூட்டத்திலிருந்து படைக்கு ஆளை இழுத்தால் அதுவும் டிராஃப்ட். விளையாட்டுக்கு வந்தது இந்தக் கடைசிக் கிளை. கோடு போடுகிற கிளைக்கும் ஆள் எடுக்கிற கிளைக்கும் வேர் ஒன்று, அவ்வளவுதான். தமிழில் முதல் கிளைக்கு வைத்த பெயரைத் தூக்கி நாலாவது கிளையில் கட்டிவிட்டார்கள்.

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் டிராஃப்ட் என்னவென்று தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும். 1930-களில் கல்லூரி முடித்த நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகளே அள்ளிக்கொண்டிருந்தன. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல்லுக்கு அது தாங்கவில்லை. அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசியாக வந்த அணி முதலில் ஆளைத் தெரிந்தெடுக்கட்டும், முதலில் வந்த அணி கடைசியில் தெரிந்தெடுக்கட்டும் என்று 1935-இல் யோசனை சொன்னார். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள். முதல் ஆளாகப் பெல் எடுத்த ஜே பெர்வாங்கர் கடைசிவரை என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வேறு கதை. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள். விதி அதேதான்: தோற்றவனுக்கு முதல் முறை.

இங்கே மூன்று விஷயம் இருக்கிறது. அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து எடுக்கின்றன. கண்ணைத் திறந்துகொண்டு, ஆளைப் பார்த்து எடுக்கின்றன. எடுக்கிற முறையையே இன்னொரு அணியிடம் கொடுத்துப் பண்டமாற்று செய்யலாம். இந்த மூன்றில் ஒன்றாவது ‘வரைவு’ என்ற சொல்லில் தெரிகிறதா?

தெரிகிறது என்கிறார் ஒரு நண்பர். மொழிபெயர்ப்பில் ஊறியவர், சங்க இலக்கியமும் படித்தவர். நான் இப்படிக் குறைப்பட்டதும் அவர் விட்ட அம்பு: “திருக்குறளில் 92-ஆம் அதிகாரம் என்ன? வரைவின் மகளிர். வரைவு இல்லாத மகளிர். இன்னார் வேண்டும், இன்னார் வேண்டாம் என்று தெரிந்தெடுக்காமல், பொருள் கொடுப்பவர் எவரையும் ஏற்பவர். அப்படியானால் வரைவு என்றால் தெரிந்தெடுப்பதுதானே?”

நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்லும் பொருள் உண்மைதான். வரை என்பதற்கு எல்லை கட்டு, விலக்கு, தனதாக்கிக்கொள் என்றெல்லாம் பழம்பொருள் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் இன்னும் நாலு அடி போனால் அகத்திணை வந்துவிடும். அங்கே வரைதல் என்றால் கல்யாணம். தலைவியைச் சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி தலைவனை நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்று பெயர். 2022-இல் ஜெட்ஸ் நான்காவதாகக் கார்ட்னரை வரைந்துகொண்டது என்று எழுதிப் பாருங்கள். தாலி எடுத்துக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். அதோடு, அந்தச் செய்தியை எழுதியவர் வள்ளுவரை நினைத்தா எழுதினார்? அகராதியில் டிராஃப்டுக்கு எதிரே முதலில் இருந்த சொல்லை எடுத்துப் போட்டார். பிறகு வந்து தற்செயலுக்கு இலக்கியச் சான்று தேடுவது, ஜோசியர் நடந்து முடிந்ததைக் கணித்துச் சொல்வது மாதிரி.

பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் கொடுப்பதற்கு நான் எதிரி இல்லை. தூங்கிக்கொண்டிருக்கும் சொல்லை எழுப்பலாம். வேறு வேலையில் முழு நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சொல்லைப் பிடித்து இரண்டாவது வேலைக்கும் அனுப்பினால் இரண்டும் கெடும். இதில் இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் ‘வரைவுத் தேர்வு’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் தேர்வு என்றால் முதலில் பரீட்சை. வரைவுத் தேர்வு என்று படித்தால் எனக்கு ஓவிய வாத்தியாரும் ஜாமெட்ரி பாக்ஸும் நினைவுக்கு வருகின்றன.

‘வீரர் ஏலம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஐபிஎல் பழக்கம். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. டிராஃப்டில் காசுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் முறை வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐபிஎல்லே இந்த இரண்டையும் தனித்தனியாக நடத்தியிருக்கிறது. சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் தடை விழுந்தபோது, 2015 டிசம்பரில் அந்த இரண்டு அணி வீரர்களையும் புனேவும் ராஜ்கோட்டும் மாற்றி மாற்றி எடுத்தன. முதல் முறை புனேவுக்கு: தோனி. அடுத்தது ராஜ்கோட்டுக்கு: ரெய்னா. ஒருவரும் கை தூக்கிக் கோடி சொல்லவில்லை. அன்று மஞ்சள் சட்டைக்காரர்கள் பட்ட வேதனையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு டிராஃப்ட் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘குலுக்கல்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 1969-இல் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டது அமெரிக்க அரசு. அது படை டிராஃப்ட். கூடைப்பந்தில் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் எடுப்பவன் குலுக்குவதில்லை, மாதக்கணக்கில் ஆளை அளந்து பார்த்துத்தான் எடுக்கிறான்.

சரி, என் சொல் என்ன? முறைத்தெரிவு.

தெரிவு இலங்கைத் தமிழில் இன்றும் நாள்தோறும் புழங்குகிறது. அங்கே உறுப்பினர் ‘தெரிவு’ செய்யப்படுகிறார், நாடாளுமன்றத்தில் தெரிவுக்குழு இருக்கிறது. நாமோ தேர்வு என்ற ஒரே சொல்லில் பரீட்சையையும் பொறுக்கியெடுப்பதையும் திணித்துவிட்டுத் திண்டாடுகிறோம். நண்பர் குறளைக் கொண்டுவந்ததால் நானும் கொண்டுவருகிறேன்: 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆளின் குணத்தையும் குற்றத்தையும் பார்த்து, எது மிகுதி என்று எடைபோட்டு வேலைக்கு எடுப்பதைப் பற்றிய அதிகாரம் அது. அணிகளுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பவர்கள் வருடம் முழுக்கச் செய்வது வேறென்ன?

‘முறை’யை நாம் தண்ணீர்க் குழாயடியில் கற்றோம். இப்போ யார் முறை, என் முறை, உன் முறை. ஆங்கிலத்தில் பிக் என்கிறார்களே, அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்: எடுக்கும் உரிமையும் பிக், எடுக்கப்பட்ட ஆளும் பிக். தமிழில் பிரித்துவிடலாம். உரிமை முறை, ஆள் தெரிவு. இப்போது அந்தச் செய்தியைத் திருப்பி எழுதுங்கள்: ‘ஜெட்ஸ் அணி கார்ட்னரைக் கொடுத்து, கோல்ட்ஸின் 2026, 2027 முறைத்தெரிவுகளில் முதல் சுற்று முறைகளையும் அடோனாய் மிட்செல் என்ற வீரரையும் வாங்கிக்கொண்டது.’ சித்தப்பா டி.டி. கேட்கமாட்டார். ஒருவரும் எடுக்காத ஆட்டக்காரரை ‘வரைவு செய்யப்படாதவர்’ என்கிறார்களே, அவர் முறைத்தெரிவில் விடுபட்டவர். அப்படி விடுபட்ட கார்னர்பேக்தான் மால்கம் பட்லர்; 2015-இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பறித்து நியூ இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

பேச்சில் இன்னும் எளிதாக வேண்டுமென்றால் தெருவிலேயே சொல் இருக்கிறது. கிரிக்கெட் ஆடப் போனால் முதலில் என்ன செய்வோம்? ஆள் பிரிப்போம். இரண்டு தலைவர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள், கடைசியில் நிற்கிற பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பான். (நான்தான் அது, பெரும்பாலும்.)

பிக் வேல்யூ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தேர்வு மதிப்பு’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன்; மதிப்பெண் பட்டியலா? எனக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் போதும்: இட மதிப்பு. ஐந்து எங்கே நிற்கிறது என்பதை வைத்து அது ஐந்தா, ஐம்பதா, ஐந்நூறா என்று சொல்வோமே, அதேதான். 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியில், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, ஒவ்வொரு முறைக்கும் ஒரு எண் போட்டு அட்டவணை தயாரித்தார்கள். முதல் முறைக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, நான்காவதற்கு 1800, முப்பத்திரண்டாவதற்கு 590. பேரம் பேசும்போது இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பார்கள். பின்னால் வேறு அட்டவணைகளும் வந்துவிட்டன. ரசிகர் சண்டையில் இன்றும் பழையதைத்தான் இழுப்பார்கள்.

அக்கா மகனும் அதைத்தான் இழுத்தான். 2022-இல் கார்ட்னரை எடுத்தது நான்காவது முறை, 1800. வந்த வருடமே 20 பந்துகளைத் தட்டிவிட்டு அந்த ஆண்டின் சிறந்த புதுத் தற்காப்பு வீரர் ஆனார். 2025-இல் ஜெட்ஸ் எடுத்த புது கார்னர்பேக் அசரேயா தாமஸ், மூன்றாம் சுற்று, 73-ஆவது முறை. அட்டவணையில் 225. எட்டு தாமஸ் சேர்ந்தால் ஒரு கார்ட்னர், எப்படி ஈடாகும் என்பது இவன் கட்சி. அவனுடைய சிநேகிதன் எதிர்க்கட்சி: கார்ட்னர் ஜெட்ஸில் இருந்த காலம் முழுவதிலும் பறித்தது மூன்றே பந்து, அதற்கு இரண்டு முதல் சுற்று முறை கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பறிக்க அவர் பக்கம் பந்து வந்தால்தானே, எதிரணி அந்தப் பக்கம் வீசவே பயப்படுகிறது என்று இவன். இடம் பெரிதா ஆள் பெரிதா என்ற இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. 154-ஆவதாக எடுக்கப்பட்ட ரிச்சர்ட் ஷெர்மன் சியாட்டிலின் அரணாக நின்றார். 2020-இல் மூன்றாவதாக டெட்ராய்ட் எடுத்த ஜெஃப் ஒகூடாவை மூன்றே வருடத்தில் ஒரு ஐந்தாம் சுற்று முறைக்குத் தள்ளிவிட்டார்கள்.

‘மூலைமுதுகு’ பற்றி அதிகம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. பேக் என்றால் அங்கே பின்வரிசைக்காரர். முதுகு என்பது அகராதி பண்ணிய வேலை. பின்வரிசையில் ஓரத்தில் நின்று, பந்து பிடிக்க ஓடிவருபவனை விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடுபவர். கபடி பார்க்கிற எல்லாருக்கும் லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர் தெரியும். அதனால் கார்னர்பேக் என்று விட்டாலே போதும். தமிழில்தான் வேண்டும் என்றால் ஓரக்காவலர். முதல் ஆண்டு ஆட்டக்காரரைக் ‘கற்றுக்குட்டி’ என்று எழுதுவதையும் நிறுத்தினால் புண்ணியம். அரைகுறையாகத் தெரிந்தவனைத் திட்டுகிற சொல் அது. முதலாண்டு வீரர் என்றோ, புதுமுகம் என்றோ எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இதெல்லாம் தெரியாமல் வருவதில்லை, பார்க்காமல் வருகிறது. ஒரு ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்க்காமல் அந்த ஆட்டத்தின் சொல்லை மொழிபெயர்க்கிறோம். செய்தி ஐந்து நிமிடத்தில் ஏறவேண்டும் என்கிறார்கள். ஏறட்டும். ‘டிராஃப்ட்’ என்று அப்படியே விட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். தெரியாத ஆங்கிலச் சொல் என்று வாசகர் நின்று கேட்பார். வரைவு என்று போட்டால் தெரிந்த சொல்லாயிற்றே என்று தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவார்.

சித்தப்பாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். இட மதிப்பு அட்டவணை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தாளில் எழுதி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “2027 முறையை இப்பவே குடுத்திருக்கானே, அதுக்கு அதே மதிப்பா? காலத்துக்குக் கழிவு கிடையாதா?” என்றார். உண்டு, அடுத்த வருட முறை என்றால் ஒரு சுற்று கீழே வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள் என்றேன்.

“அப்ப அது பில் டிஸ்கவுண்ட்தானே? பின்னாடி தேதி போட்டு, கை மாத்திக்கிட்டு, காலத்துக்குக் கழிச்சுக்கிட்டு… எதுக்குய்யா முறை, தெரிவுன்னு மெனக்கெடுறே? மாற்றுச்சீட்டுக்குப் பழைய பேரு இருக்கே, உண்டியல்னு வை.”

அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.